ஒரே வீட்டில் இரு கட்சி

1774ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், பிலடெல்பியா நகரத்தில் தச்சர் சங்கத்தாருக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தில், அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பன்னிரண்டின் பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். பதின்மூன்றாவது நாடாகிய ஜார்ஜியா யாரையும் அனுப்பவில்லை. பென்ஸில்வேனியாவின் சட்டசபைத் தலைவராகிய ஜோஸப் காலவே என்பவர் அன்று எழுந்து ஒரு திட்டத்தைச் சபையின்முன் வைத்தார். அமெரிக்கர்களுக்கெனத் தனியாக ஒரு பேரவை. அதன் உறுப்பினர்களை ஒவ்வொரு நாட்டுச் சட்டசபையும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும். மன்னர் நியமிக்கும் தலைவர் ஒருவர் அதனை நடத்துவார். அமெரிக்காவைப் பற்றிய பொதுச்சட்டம் எதுவாயினும், லண்டன் பார்லிமெண்ட்டும் இப்பேரவையும் ஆகிய இரண்டும் இசைந்தாலன்றிச் செல்லாது. இதுவே அத்திட்டத்தின் சாரம்.

நாட்டுக்கு ஒரு வாக்கு என்பது அச்சபையின் விதி. திட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்று ஆறு நாடுகள் வாக்களித்தன. கூடாதென்று ஐந்து நாடுகள் வாக்களித்தன. ஒரே ஒரு வாக்கு வேற்றுமை. அடுத்த மாதம், அத்தகைய திட்டம் வந்தது என்ற குறிப்பையே சபையின் நடவடிக்கை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாங்கள் ஒரே மனத்தினர் என்று லண்டனுக்குக் காட்ட வேண்டியிருந்த நேரம் அது. அந்த ஏட்டின் போக்கிலேயே பிற்காலத்துப் பாடநூல்கள் பலவும் எழுதப்பட்டுவிட்டன. பிரிட்டிஷார் வரி விதித்தனர், மக்கள் ஒன்று திரண்டு எழுந்தனர், தேயிலையைக் கடலில் கொட்டினர், போரிட்டு வென்றனர். நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் வரலாறு பெரும்பாலும் இவ்வளவே. இதில் பொய் என்று சொல்லத்தக்கது மிகுதியாக இல்லை. ஆனால் அந்த ஐந்து வாக்குகளுக்கு இதில் இடமில்லை.

வரி வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்றவர்கள் மறுபக்கம், இப்படித்தான் அமெரிக்கர் பிரிந்தனர் என்று நினைப்பது தவறு. தங்கள் இசைவின்றி லண்டன் வரி விதிப்பது முறையன்று என்பதில் அங்கிருந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்குக் கருத்து வேற்றுமை இருந்ததே இல்லை. காலவேயும் அதனை ஒப்புக்கொண்டவர்தாம். திட்டம் தீட்டியதே அதற்காகத்தான். நோய் இன்னது என்பதில் ஒன்றுபட்டவர்கள், மருந்து எது, அதனை எந்த அளவு உட்கொள்ளுவது என்பதில் பிரிந்தார்கள். அப்பிரிவே பின்னர் அண்ணன் தம்பிகளையும் தந்தை மகனையும் எதிரெதிரே நிறுத்தியது.

முதலில் அந்நாடுகளின் நிலையைச் சிறிது பார்ப்போம். பதின்மூன்று நாடுகளிலுமாக, விடுதலைக் காலத்தில் இருந்த மக்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களும் ஆவர். ஒவ்வொரு நாட்டிற்கும் தனிச் சட்டசபை, தனி வழக்கம், தனிச் சமயப் பிரிவு. ஒரு நாட்டாருக்கும் அடுத்த நாட்டாருக்கும் எல்லைத் தகராறுகள் இல்லாத காலமே இல்லை எனலாம். அவர்களையெல்லாம் இணைத்தது இங்கிலாந்து ஒன்றுதான். இங்கிலாந்தைக் கண்ணாலும் கண்டிராதவர்கள்கூட அதனைத் தங்கள் 'வீடு' என்றே குறிப்பிட்டு வந்தார்கள். வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகள், விடுமுறைக்கு இரண்டொரு முறை போய்வந்த கிராமத்தை 'எங்கள் ஊர்' என்று சொல்லக் கேட்கும் நமக்கு இந்த மனநிலை எளிதில் விளங்கும்.

1763இல் பிரெஞ்சுக்காரருடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தது. வெற்றி பெற்ற பிரிட்டனுக்குக் கடன் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவைக் காப்பதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அமெரிக்கரே தரட்டும் என்று லண்டன் அமைச்சர்கள் எண்ணினார்கள். இந்த எண்ணம் அமெரிக்காவை வந்தடைந்தபோது, அங்கு ஏற்கெனவே உள்ளூர்க் கட்சிகள் பல இருந்தன. புதிய பிரச்சினை அந்தப் பழைய வாய்க்கால்களிலே பாய்ந்தது. சில இடங்களில் கரையையும் உடைத்துக் கொண்டது.

பென்ஸில்வேனியாவை எடுத்துக் கொள்வோம். அந்நாடு மன்னரின் நேரடி ஆட்சியில் இல்லை. பென் குடும்பத்தாருக்கு உரிமையான நாடு. போர்ச் செலவுக்காகச் சட்டசபை எல்லா நிலங்களுக்கும் வரி விதிக்க முயன்றபோது, பென் குடும்பத்தார் தங்கள் நிலங்களுக்கு விலக்குக் கேட்டார்கள். இதனால் வெகுண்டவர்களின் தலைவர்கள் இருவர். ஒருவர் பெஞ்சமின் பிராங்க்லின். அச்சகத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, இடி மின்னலை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். மற்றவர் அவருடைய நண்பரும் அவரைவிட வயதில் மிக இளையவருமான காலவே. பென் குடும்பத்தாரின் ஆட்சியை நீக்கி, மன்னரே நேரில் ஆளவேண்டும் என்று 1764இல் இவ்விருவரும் கிளர்ச்சி செய்தார்கள்.

வாசகர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் மன்னராட்சியே வேண்டாம் என்று கையெழுத்திட்ட பிராங்க்லின், அன்று மன்னராட்சி வேண்டும் என்று மனுக் கொண்டு திரிந்தவர்! அவரை எதிர்த்து நின்றவர் ஜான் டிக்கின்ஸன் என்ற வழக்கறிஞர். பென் குடும்பத்தார் நல்லவர்கள் என்று அவர் வாதிடவில்லை. இப்போதிருக்கும் சாஸனத்தைக் கைவிட்டு மன்னரின் கையில் போய் விழுந்தால், இருக்கிற உரிமைகளும் போய்விடும் என்பதே அவர் அச்சம். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில் பிராங்க்லின், காலவே இருவருமே தோற்றார்கள். ஆயினும் சட்டசபையில் அவர்கள் கட்சிக்கே பெரும்பான்மை கிடைத்தது. மனுவை எடுத்துக்கொண்டு பிராங்க்லின் லண்டனுக்குக் கப்பலேறினார்.

அவர் அங்கிருக்கும்போதுதான், 1765 மார்ச்சில், முத்திரைச் சட்டம் நிறைவேறியது. பத்திரங்கள், வழக்கு மன்றக் காகிதங்கள், செய்தித்தாள்கள், சீட்டாட்டச் சீட்டுகள் வரை எல்லாவற்றுக்கும் முத்திரைத்தாள் வாங்கவேண்டும் என்பது அச்சட்டம். பிராங்க்லின் அதனை எதிர்த்தவரே. ஆனால் நிறைவேறிய பின்னர், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கருதி, பென்ஸில்வேனியாவில் முத்திரைத்தாள் விநியோகிக்கும் பதவிக்குத் தம் நண்பர் ஒருவரின் பெயரைச் சிபாரிசும் செய்துவிட்டார். கடலுக்கு அப்பால் மக்கள் எவ்வளவு கொதித்திருக்கிறார்கள் என்பதை அவர் உணரவில்லை. செப்டம்பரில் பிலடெல்பியாவில் அவருடைய புது வீட்டை இடித்துத் தள்ளுவதாக ஒரு கூட்டம் புறப்பட்டது. அவர் மனைவி டெபோரா வீட்டை விட்டு அகல மறுத்து, உறவினரை வரவழைத்து, துப்பாக்கிகளுடன் மாடியில் காவலிருந்தார். நல்லவேளையாக அன்று வீடு தப்பியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பார்லிமெண்ட்டின் முன்னர் நின்று அச்சட்டத்திற்கு எதிராக அவர் அளித்த சாட்சியம், இழந்த பெயரை அவருக்கு மீட்டுத் தந்தது. மார்ச்சில் சட்டமும் ரத்தாயிற்று.

பாஸ்டன் நகரத்தில் இன்னொருவருக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. மாஸாசூஸெட்ஸ் நாட்டின் துணைக் கவர்னரும் தலைமை நீதிபதியுமான தாமஸ் ஹட்சின்ஸன் அவர். ஐந்து தலைமுறையாக அந்நாட்டிலேயே வேரூன்றிய குடும்பம்; அந்நாட்டின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த அறிஞர். முத்திரைச் சட்டம் அறிவற்றது என்று அவரும் கருதினார். கருத்தைக் கடிதங்களில் எழுதியும் இருந்தார். ஆனால் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம் சட்டந்தான், அதனை மீறக் கூடாது என்பது அவர் கொள்கை. 1765 ஆகஸ்டு 26ஆம் நாள் இரவு கூட்டமொன்று அவர் வீட்டினுள் புகுந்தது. விடியும்போது சுவர்களைத் தவிர அங்கு எஞ்சியது சொற்பம். வரலாற்றுக் கையெழுத்துப் படிகள் தெருச் சேற்றில் கிடந்தன. அவற்றைப் பின்னர் பொறுக்கி எடுத்தார்கள். அதே நூல் பின்னாளில் அச்சேறியது.

ஹட்சின்ஸன்மீது இவ்வளவு வெறுப்பு எதனால்? கொள்கை பாதி என்றால், பகைமை பாதி. 1760இல் தலைமை நீதிபதி பதவி காலியானபோது, அது தமக்குத் தரப்படும் என்று ஓட்டிஸ் குடும்பத்துப் பெரியவர் நம்பியிருந்தார். புதிய கவர்னர் அதனை ஹட்சின்ஸனுக்குக் கொடுத்தார். பெரியவரின் மகன் ஜேம்ஸ் ஓட்டிஸ் மறு ஆண்டே, சுங்க அதிகாரிகள் வீடு புகுந்து சோதனையிடும் உரிமையை எதிர்த்து வழக்காடிப் புகழ் பெற்றார். குடும்ப மனத்தாங்கலால்தான் அவர் அவ்வாறு செய்தார் என்று ஹட்சின்ஸன் கடைசிவரை நம்பினார். அது முழுவதும் நியாயமான நம்பிக்கை என்று நாம் கருதவில்லை. ஓட்டிஸின் வாதம் தன் காலில் நிற்கவல்ல வாதம். ஆனால் ஹட்சின்ஸன் தரப்பிலும் குறை இல்லாமலில்லை. துணைக் கவர்னர் பதவி, நீதிபதி பதவி இரண்டும் அவரிடம். மைத்துனர் அரசாங்கச் செயலாளர். அவரே முத்திரைத்தாள் விநியோகஸ்தராகவும் நியமனம் பெற்றார். பின்னர் 1773இல் தேயிலை வந்தபோது, அதனை விற்கும் உரிமை பெற்ற வணிகர்களுள் ஹட்சின்ஸனுடைய புதல்வர் இருவரும் இருந்தனர். அவரும் அதற்குள் கவர்னராகியிருந்தார். ஊருக்கு உபதேசம் செய்பவரின் வீட்டில் இத்தனை பதவிகளும் சலுகைகளும் குவிந்திருந்தால், அவர் கூறும் நியாயம் யார் காதில் ஏறும்?

நியூ யார்க்கில் கதை வேறு. அங்கே லிவிங்ஸ்டன், டிலான்ஸி என்ற இரு பெருங்குடும்பங்களின் போட்டியே அரசியல். 1768, 1769 தேர்தல்களில் தெருவில் கிளர்ச்சி செய்தவர்களோடு கைகோத்து வென்றவர்கள் டிலான்ஸிகள். பின்னர் போர் மூண்டபோது டிலான்ஸிகள் மன்னர் பக்கம். லிவிங்ஸ்டன்கள் விடுதலையின் பக்கம். லிவிங்ஸ்டன் பண்ணையில் பயிரிட்ட குடியானவர்களோ, பண்ணையார் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் என்று முடிவு செய்து, 1777இல் மன்னரின் பெயரால் கிளர்ந்தெழுந்தார்கள். குத்தகை நிலம் தங்களுக்குச் சொந்தமாகும் என்ற ஆசையே அதற்குக் காரணம்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வட கரோலினா. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த உழவர்கள், 1760களின் பிற்பகுதியில், தங்களை 'ஒழுங்கு செய்வோர்' என்று பொருள்படும் பெயரால் அழைத்துக்கொண்டு திரண்டார்கள். அவர்கள் எதிர்த்தது லண்டனை அன்று. அளவுக்கு மீறிக் கட்டணம் பறித்த உள்ளூர் அதிகாரிகளையும், கணக்குக் காட்டாத வரிவசூலையும், கவர்னர் டிரையன் தமக்கெனக் கட்டிக்கொண்ட மாளிகையையும் எதிர்த்தார்கள். 1771 மே 16ஆம் நாள், அலமான்ஸ் என்னும் இடத்தில் கவர்னரின் படை அவர்களை முறியடித்தது. பின்னர் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டனர். அப்படையில் அணி வகுத்து நின்ற உள்ளூர்ப் பெருந்தலைகளுள் சிலரே, ஐந்தாண்டு கழித்து விடுதலை, விடுதலை என்று முழங்கினார்கள். அம்முழக்கத்தைக் கேட்ட மேற்குப் பகுதி உழவரின் மனம் எப்படியிருந்திருக்கும்? 1776 பிப்ரவரியில் மூர் ஓடைப் பாலத்தருகே நடந்த சண்டையில், முன்னர் டிரையனை எதிர்த்த உழவர் சிலர் மன்னரின் கொடியின்கீழ் நின்றார்கள். அவர்களை வென்ற படையின் தலைவர்களுள் ஒருவரான காஸ்வெல், அலமான்ஸில் கவர்னர் பக்கம் நின்று அவர்களோடு போரிட்டவர். வேறு சிலர் விடுதலைப் படையிலும் சேர்ந்தார்கள். பலர் எவர் பக்கமும் சேராது ஒதுங்கியிருந்தார்கள்.

இவ்வாறு நாட்டுக்கு நாடு வேறுபட்டுக் கிடந்த பிளவுகளைக் கூட்டிச் சேர்த்து இரண்டே அணிகளாக்கியது தேயிலை. நம்மையும் ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைதான். விளைந்த இடம் சீனா. அந்நாளில் இந்தியாவிலிருந்து தேயிலை ஏற்றுமதி கிடையாது. ஆனால் கம்பெனிக்கு வந்த இடர்ப்பாட்டில் வங்காளத்திற்குப் பங்குண்டு. 1769, 1770 ஆண்டுகளின் பெரும் பஞ்சமும் கம்பெனி ஊழியர்களின் கொள்ளையும் சேர்ந்து, கருவூலத்தை வற்றச் செய்தன. லண்டன் கிடங்குகளில் ஒரு கோடி ராத்தலுக்கு மேல் தேயிலை தேங்கியது. அதனை அமெரிக்காவில் நேரடியாக விற்றுக்கொள்ள 1773இல் ஒரு சட்டம் வழி செய்தது. விலை குறையும், ஆனால் பழைய வரி நீடிக்கும். விலை மலிவு என்ற தூண்டிலில் வரி என்ற முள் இருந்தது. பிலடெல்பியாவில் இதனை எதிர்த்து எழுதியவர்களுள் நாம் மேலே கண்ட டிக்கின்ஸன் ஒருவர். இக்கம்பெனி ஆசியாவில் செய்ததைப் பாருங்கள், பஞ்சத்தில் எத்தனை லட்சம் பேரை மடியவிட்டது என்று எண்ணுங்கள், அதன் கண் இப்போது நம்மீது விழுந்திருக்கிறது என்ற பொருள்பட அவர் எச்சரித்தார். வங்காளத்து ஏழையின் சாவு பிலடெல்பியாத் தெருவில் அரசியல் வாதமாக ஒலித்தது என்பது நாம் மறக்கத்தக்கதன்று.

அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. லண்டன் அதற்குப் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. மாஸாசூஸெட்ஸ் நாட்டின் சாஸனத்தையும் திருத்தியது. ஓர் ஊர் செய்த குற்றத்திற்கு ஒரு நாட்டையே தண்டிக்கலாமா என்று, அதுவரை மன்னரிடம் பற்றுக் கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். அதன் விளைவுதான் பிலடெல்பியாச் சபை.

அச்சபை காலவேயின் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு ஏற்றுக்கொண்டது வேறொன்று: பிரிட்டிஷ்ப் பொருள்களைப் புறக்கணிக்கும் உடன்படிக்கை. அதனை மீறுபவர் யாரென்று கவனிக்க ஊர்தோறும் கமிட்டிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மீறியவரின் பெயர் செய்தித்தாளில் வரும். பிறகு அவரிடம் யாரும் வாங்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். பிடிவாதக்காரர்களுக்கு உடம்பில் தார் பூசி, இறகு ஒட்டி, ஊர்வலம் விடும் தண்டனையும் சில இடங்களில் கிடைத்தது. நடுவில் நிற்க விரும்பியவர்களுக்கு அன்றோடு நிற்க இடமில்லாமற் போயிற்று. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் அவர்கள் நிலை. காலவேயின் வீட்டு வாயிலில் ஒரு பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே தூக்குக் கயிறு.

இந்தக் கட்டத்தில்தான் நாம் பிராங்க்லினின் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அவருக்கு வில்லியம் என்று ஒரு மகன். 1752இல் மின்னலை ஆராயப் பட்டம் விட்டபோது உடன் நின்றவர் அவர். தந்தையோடு லண்டன் சென்று சட்டம் பயின்று, 1762இல் நியூ ஜெர்ஸி நாட்டின் கவர்னராக மன்னரால் நியமிக்கப் பெற்றவர். தந்தையும் மகனும் உற்ற நண்பர்களைப் போலப் பழகினார்கள். 1774 ஜனவரியில், ஹட்சின்ஸனின் சொந்தக் கடிதங்களைப் பாஸ்டனுக்கு அனுப்பி வைத்த குற்றத்திற்காக, பிராங்க்லினை லண்டனில் மந்திராலோசனைச் சபையார்முன் நிற்கவைத்து, அரசாங்க வழக்கறிஞர் ஒரு மணி நேரம் தூற்றினார். முதியவர் வாய் திறவாது நின்றார். அஞ்சல் துறையில் அவர் வகித்த பதவியும் பறிபோயிற்று. மகன் தம் பதவியை உதறிவிட்டு வந்துவிடுவார் என்று தந்தை எதிர்பார்த்தார். பண்ணைத் தொழிலே மானமுள்ளது என்று குறிப்பாக எழுதியும் பார்த்தார். வில்லியம் வரவில்லை. மன்னருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீற அவர் விரும்பவில்லை. 1775 ஜனவரியில் நியூ ஜெர்ஸிச் சட்டசபையில் பேசும்போது, உங்கள்முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒன்று அமைதிக்கும் மற்றது உள்நாட்டுப் போருக்கும் இட்டுச் செல்லும் என்று அவர் கூறினார்.

காலவேயின் திட்டத்தையும் வில்லியம் ஆதரித்தார். தந்தையோ, லண்டனிலிருந்து காலவேக்கு எழுதிய பதிலில், இங்கிலாந்தின் அரசியலில் ஊழல் மலிந்துவிட்டது, அதனோடு இன்னும் நெருங்கிப் பிணைந்தால் நமக்குத் தீங்கே மிகும் என்று கருத்துத் தெரிவித்தார். இருபதாண்டுகளுக்கு முன்னர், 1754இல், குடியேற்ற நாடுகளை இணைக்க ஏறக்குறைய இதே போன்ற ஒரு திட்டத்தைத் தீட்டியவரும் அவரே. அன்று அதனைச் சட்டசபைகளும் ஏற்கவில்லை, லண்டனும் ஏற்கவில்லை.

1775 மே மாதத்தில் பிராங்க்லின் தாய்நாடு திரும்பினார். டெபோரா ஐந்து மாதங்களுக்கு முன்னரே காலமாகியிருந்தார். மாஸாசூஸெட்ஸில் துப்பாக்கிச் சண்டையும் தொடங்கிவிட்டிருந்தது. அந்த நாள்களில் ஓரிரவு, ட்ரெவோஸ் என்ற ஊரில் காலவேயின் மாளிகையில் மூவரும் கூடினர்: தந்தை, மகன், நண்பர். இரவு நெடுநேரம் பேசினார்கள். விடுதலைதான் வழி என்று தந்தை வெளிப்படையாகக் கூறிவிட்டார். மற்ற இருவரும் இசையவில்லை. அங்கே தொடங்கிய பிரிவு பின்னர் ஆறவே இல்லை. ஆனால் மனித மனத்தின் விந்தையைப் பாருங்கள்: 1776இல் பிரான்சுக்குத் தூது செல்லுமுன், தம் கடிதங்களும் குறிப்புகளும் அடங்கிய பெட்டியைப் பிராங்க்லின் ஒப்படைத்துச் சென்றது அந்தக் காலவேயிடந்தான்! போர்க் குழப்பத்தில் அந்த மாளிகை சூறையாடப்பட்டு, அவற்றுள் பல சிதறிப் போயின.

விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய நாளில்கூட ஒருமனப்பாடு இல்லை. 1776 ஜூலை முதல் நாள் எடுத்த வாக்கில் பென்ஸில்வேனியப் பிரதிநிதிகளுள் நால்வர் எதிர்ப்பு, மூவர் ஆதரவு. எதிர்த்த நால்வருள் ஒருவர் டிக்கின்ஸன். இன்னும் காலம் கனியவில்லை, கூட்டாட்சியும் அயல்நாட்டு உதவியும் உறுதிப்பட்ட பின்னரே பிரகடனம் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். மறுநாள் அவரும் மற்றொருவரும் வேண்டுமென்றே வாக்கெடுப்பிலிருந்து விலகிக் கொண்டார்கள். இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் பென்ஸில்வேனியா விடுதலைப் பக்கம் சேர்ந்தது. நியூ யார்க் அன்று வாக்களிக்கவே இல்லை. டிக்கின்ஸன் பிரகடனத்தில் கையெழுத்திட மறுத்தார். சில நாள்களுக்குள் தம் படைப்பிரிவுடன் பிரிட்டிஷாரை எதிர்க்கப் புறப்பட்டும் போனார். அவரைக் கோழை என்றவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

எத்தனை பேர் எந்தப் பக்கம் நின்றார்கள்? மூன்றில் ஒரு பங்கினர் விடுதலைக்கு ஆதரவு, ஒரு பங்கினர் எதிர்ப்பு, ஒரு பங்கினர் நடுநிலை என்று ஜான் ஆடம்ஸ் கூறியதாகப் பல நூல்களில் காணலாம். 1815இல் அவர் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து எடுத்த செய்தி அது. கடிதத்தை முழுவதும் படித்தால், அங்கு அவர் பேசுவது பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி அமெரிக்கர் கொண்டிருந்த கருத்தை என்பது விளங்கும். வெள்ளையருள் ஐந்தில் ஒரு பங்கினர் அளவில் மன்னர் பக்கம் நின்றனர் என்பது இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலரின் மதிப்பீடு. போர் முடிவில் ஏறத்தாழ 60,000 பேர் நாட்டை விட்டு வெளியேறினர். கனடாவின் பகுதிகளுக்கும் இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றனர்.

அடிமைகளுக்கு இவ்விரு கட்சிகளும் எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் கவர்னர் டன்மோர் பிரபு, கலகக்காரரிடமிருந்து தப்பிவந்து மன்னர் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். கருணையால் அன்று, படைக்கு ஆள் வேண்டும் என்பதால். டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர். ஆயினும் நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து அவரிடம் ஓடினார்கள். அவர்களுக்கு விடுதலை என்ற சொல் மன்னர் பாசறையிலிருந்துதான் வந்தது.

மீண்டும் நம் மூவரிடம் வருவோம். காலவே 1776 இறுதியில் பிரிட்டிஷாரிடம் சென்று சேர்ந்தார். அவர்கள் பிலடெல்பியாவைப் பிடித்தபோது நகர நிர்வாகத்தை நடத்தினார்; 1778இல் அவர்கள் விட்டு நீங்கியபோது ஒரே மகளை அழைத்துக்கொண்டு உடன் சென்றுவிட்டார். மனைவி கிரேஸ் மட்டும் பின்தங்கினார். ட்ரெவோஸ் சொத்து அவருடைய தந்தை வழியில் வந்தது; கணவன் செய்ததற்காகத் தம் பிறந்தவீட்டு உடைமையை இழக்க முடியாது, மகளுக்காக அதனைக் காக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். ஆகஸ்டு மாதத்தில் அதிகாரிகள் வந்து நகரத்து வீட்டிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். வாடகை அறைகளில் தனித்திருந்து, நாட்குறிப்பில் தம் மனத்துயரை எழுதி வைத்து, கணவனையும் மகளையும் மறுபடி காணாமலே 1782இல் அவர் மறைந்தார்.

வில்லியம் 1776 ஜூனில் கைதானார். கனெக்டிகட் நாட்டுச் சிறையொன்றில் பல மாதங்கள் தனியறையில் அடைபட்டுக் கிடந்தார். அவர் மனைவி எலிஸபெத் நியூ யார்க்கில் மரணப் படுக்கையிலிருந்தபோது, போய்ப் பார்க்க அனுமதி கேட்டார். படைத்தலைவர் வாஷிங்டன் இரக்கம் கொண்டார்; காங்கிரஸ் மறுத்துவிட்டது. 1777 ஜூலையில் அந்த அம்மையார் காலமானார். பாரிஸிலிருந்த தந்தை மகனுக்காக ஒரு வார்த்தை எழுதியதாகத் தெரியவில்லை. வில்லியமின் மகன் டெம்பிளோ, பாட்டனாரின் செயலாளராகப் பாரிஸில் இருந்தார்.

1784இல், போரெல்லாம் ஓய்ந்த பிறகு, பழைய உறவைப் புதுப்பிக்க விரும்பி லண்டனிலிருந்து வில்லியம் எழுதினார். தம் கடமை என்று கருதியதையே செய்ததாகவும் அதில் குறிப்பிட்டார். தந்தையின் பதிலில் அன்பும் இருந்தது. ஆறாத புண்ணும் இருந்தது. மறு ஆண்டு ஜூலையில் தாயகம் திரும்பும் வழியில் சௌதாம்ப்டன் துறைமுகத்தில் பிராங்க்லின் சில நாள் தங்கியபோது இருவரும் சந்தித்தார்கள். பேச்சு பெரும்பாலும் கணக்கு வழக்காகவே முடிந்தது. மகன் தரவேண்டிய கடன் கணக்கிடப்பட்டு, அவருடைய நியூ ஜெர்ஸி நிலம் பேரன் பெயருக்கு மாற்றப்பட்டது. அதன்பின் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் காணவில்லை. 1788இல் எழுதிய உயிலில், பிரிட்டிஷார் வசமிருந்த நோவா ஸ்கோஷியா நாட்டு நிலத்தையும், ஏற்கெனவே மகன் கையிலிருந்த நூல்களையும் தவிர வேறெதனையும் அவருக்குப் பிராங்க்லின் வைக்கவில்லை. போர்க்காலத்தில் அவர் நடந்துகொண்ட விதமே காரணம் என்பதையும் அதில் எழுதிவைத்தார்.

பிராங்க்லினின் தன்வரலாறு இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. 1771ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், இங்கிலாந்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அதனை அவர் தொடங்கினார். மகன் வில்லியமை விளித்து எழுதும் கடிதமாகவே அது தொடங்குகிறது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பாரிஸில் அதனை மீண்டும் எடுத்துத் தொடர்ந்தார். அப்பகுதியில் அந்த விளி இல்லை.